பக்கத்து பேண்டோடு ஒப்பிட்டு மனம் சோரும்போது: புதிய இசைக்குழுக்களுக்கு ஒரு வழிகாட்டி

பேண்ட் தொடங்கிச் சில மாதங்கள் ஆனதும் அநேகமாக எல்லாருக்கும் இது வந்துவிடுகிறது. ஒத்திகை முடிந்து போனை எடுத்தால் இன்னொரு பேண்டின் புதுப் பாட்டு, நிரம்பிய அரங்கம், வரிசையாகப் பாராட்டுகள். நாமோ இன்னும் இரண்டாவது பாட்டை எப்படி முடிப்பது என்று வாதாடிக்கொண்டிருக்கிறோம். "மற்றவர்களைப் பார்க்காதே, உன் வேலையைப் பார்" என்று நண்பர்கள் நல்ல மனதோடு சொல்வார்கள். ஆனால் அது நம்மால் ஆகிற காரியமில்லை. இசை கற்றதே மற்றவர்களைக் கேட்டுத்தான். காதை மூடிக்கொண்டு யாரும் வளர்ந்ததில்லை.

ஒப்பிடும் பழக்கத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954-இல் இதைப் பற்றி ஒரு கோட்பாடு எழுதினார். தங்கள் திறமையை அளக்க வெளியே ஓர் அளவுகோல் இல்லாதபோது மனிதர்கள் மற்றவர்களை வைத்துத் தங்களை எடை போடுகிறார்கள், அதிலும் தங்களுக்கு நெருக்கமான நிலையில் இருப்பவர்களையே தேடுகிறார்கள் என்றார் அவர். ஓட்டப்பந்தய வீரருக்கு நேரம் காட்டும் கடிகாரம் உண்டு. பேண்டுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. அதனால்தான் உலகப் புகழ்பெற்ற குழுவைப் பார்த்தால் நமக்கு உற்சாகம் வருகிறது, நம்மோடு ஒரே மாதத்தில் தொடங்கிய குழுவைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

ஆகவே ஒப்பிடுவதை நிறுத்தும் வழியை நான் இங்கே சொல்லப்போவதில்லை. ஒப்பீட்டை அடுத்த ஒத்திகையில் செய்யக்கூடிய ஒரு வேலையாக மாற்றும் வழியைச் சொல்கிறேன். அதையும் தனித்தனியாகச் செய்யாமல் குழுவாகச் செய்ய வேண்டும். தனியாகப் பாடுபவருக்கு ஒப்பீடு அவர் மனதுக்குள் நடக்கும் விஷயம். பேண்டில் அப்படியில்லை. ஒருவர் மனதில் புழுங்குவது இன்னொருவர் மீது குறையாக வந்து விழும். புதிய குழுக்கள் உடைவதற்கு இது ஒரு முக்கியமான காரணம் என்பது என் எண்ணம்.

முதலில், அந்த ஒரு வாக்கியத்தை உடையுங்கள்

"அவங்க நம்மளைவிட எவ்வளவோ மேல." இந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. எதில் மேல் என்று எழுதிப் பாருங்கள். போனில் வேண்டாம், ஒரு நோட்டில். சேர்ந்து வாசிப்பது இறுக்கமாக இருக்கிறதா? பாட்டுகள் நன்றாக இருக்கின்றனவா? பாடகரின் குரலா? ஒலிப்பதிவின் தரமா? மேடையில் நிற்கும் தோரணையா? வரும் கூட்டமா? கிடைக்கும் வாய்ப்புகளா? பணமா?

எழுதியதும் மூன்றாகப் பிரியுங்கள். காதால் கேட்க முடிவதும் சில வாரங்களில் மாற்ற முடிவதும் முதல் வகை. பாட்டை முடிக்கும் விதம், இரண்டு பாட்டுக்கு நடுவே விழும் நீண்ட மௌனம், சுருதி சேர்க்கும் நேரம் எல்லாம் இதில் வரும். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் பழகினால்தான் மாறும் என்பது இரண்டாவது. குரல் வளம், பாட்டு எழுதும் திறன், டிரம்மரும் பேஸ் வாசிப்பவரும் ஒருவரையொருவர் அறிந்து வாசிப்பது போன்றவை. நம் கையில் இல்லாதது மூன்றாவது. அவர்களுக்கு யாரைத் தெரியும், அவர்கள் வீட்டில் எவ்வளவு பணம் இருக்கிறது, வேலைக்குப் போகாமல் நாள் முழுக்க வாசிக்க முடிகிறதா என்பதெல்லாம்.

இப்படிப் பிரித்துப் பார்த்தால், மனதை அதிகம் அரிப்பது பெரும்பாலும் மூன்றாவது வகை என்பது தெரியவரும். அதை மறுக்க வேண்டாம். நியாயமற்ற வசதி வித்தியாசம் நிஜமாகவே இருக்கிறது. அதை அதன் இடத்தில் எழுதி வைத்துவிட்டு முதல் வகையிலிருந்து ஒன்றை மட்டும் எடுங்கள். கவனியுங்கள், ஒன்றே ஒன்று.

ஒன்றை மட்டும் எடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இசை வரலாற்றிலேயே நல்ல சாட்சி உண்டு. 1965 இறுதியில் பீட்டில்ஸ் குழு வெளியிட்ட 'ரப்பர் சோல்' ஆல்பத்தை பீச் பாய்ஸ் குழுவின் பிரையன் வில்சன் கேட்டார். இடத்தை நிரப்பச் சேர்த்த பாட்டு என்று எதுவும் இல்லாமல், முழு ஆல்பமும் ஒரே உணர்வாக நின்றது அவரை உலுக்கியது. அவர்களைப் போலவே வாசிக்க வேண்டும் என்று அவர் கிளம்பவில்லை. முழு ஆல்பமும் ஒன்றாக நிற்க வேண்டும் என்ற அந்த ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு, தன் குழுவின் குரல்களையும் தான் விரும்பிய வாத்தியங்களையும் வைத்து 1966 மே மாதம் 'பெட் சவுண்ட்ஸ்' ஆல்பத்தைக் கொண்டுவந்தார். அதைக் கேட்ட பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி, 1967-இல் தங்கள் குழு வெளியிட்ட 'சார்ஜென்ட் பெப்பர்ஸ்' ஆல்பத்துக்கு அது பெரிய தூண்டுதல் என்று பின்னாளில் பலமுறை சொன்னார்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். வில்சன் அடுத்து எடுத்த 'ஸ்மைல்' ஆல்பம் 1967-இல் பாதியிலேயே கைவிடப்பட்டது. அதற்குக் காரணங்கள் பல: உடல்நலம், குழுவுக்குள் கருத்து வேறுபாடு, நிறுவனத்தோடு வழக்கு. அவற்றோடு, எதிர்ப்பக்கம் இருப்பவர்களை மிஞ்ச வேண்டும் என்ற அழுத்தமும் இருந்தது. அவர் அதைத் தன் பெயரில் முடித்து வெளியிட்டது 2004-இல். ஒரே மனிதரை ஒப்பீடு ஒருமுறை உயர்த்தியது, இன்னொருமுறை அழுத்தியது. முதல்முறை அவர் கையில் தெளிவான ஒரு வேலை இருந்தது என்பதை நான் முக்கியமாகப் பார்க்கிறேன்.

வயதைச் சரிபாருங்கள்

நீங்கள் ஒப்பிடும் பேண்ட் எப்போது தொடங்கியது? இப்போதிருக்கும் ஆட்கள் சேர்ந்து எத்தனை வருடம்? அதற்கு முன் அவர்கள் தனித்தனியாக எந்தெந்தக் குழுக்களில் இருந்தார்கள்? இதைத் தேடிப் பார்த்த பிறகு ஒப்பிடுங்கள். "புது பேண்ட்" என்று சொல்லப்படும் பல குழுக்களில் இருப்பவர்கள் பத்து வருடமாக வாசிப்பவர்கள். பெயர் மட்டும்தான் புதிது.

பிரிட்டனில் ஷெஃபீல்டு நகரத்துப் பள்ளி மாணவர்கள் 1978-இல் 'பல்ப்' குழுவைத் தொடங்கினார்கள். முதல் ஆல்பம் 1983-இல் வந்தது. அந்நாட்டு ஆல்பம் பட்டியலில் முதலிடத்தைத் தொட்டது 1995-இல். இடையில் ஆட்கள் மாறினார்கள், பாணி மாறியது. பீட்டில்ஸ் 1962 ஜனவரி 1 அன்று லண்டனில் டெக்கா நிறுவனத்துக்காக 15 பாட்டுகள் வாசித்துக் காட்டி நிராகரிக்கப்பட்டார்கள். அதே நாளில் வாசித்துக் காட்டிய 'பிரையன் பூல் அண்டு தி ட்ரெமலோஸ்' குழுவைத்தான் அந்த நிறுவனம் எடுத்துக்கொண்டது. அந்தக் குழு லண்டன் பக்கத்திலேயே இருந்ததால் வேலை செய்வது எளிது என்பது பரவலாகச் சொல்லப்படும் காரணம். ஒரு குழு தேர்வாவதும் விடுபடுவதும் இப்படிப் பயணத் தூரத்தைப் பொறுத்தும் நடக்கும்.

ஆனால் இந்தக் கதைகளை ஆறுதலாகச் சொல்ல எனக்குத் தயக்கமுண்டு. பதினேழு வருடம் வாசித்தும் யார் காதுக்கும் எட்டாத குழுக்களின் கதை நமக்கு வந்து சேர்வதே இல்லை. பொறுத்தால் ஜெயிக்கலாம் என்பதற்கு இவை சாட்சி ஆகா. நீங்கள் வைத்திருக்கும் கால அளவு தவறு என்று காட்ட மட்டும் இவை உதவும். எட்டு மாதக் குழுவை எட்டு வருடக் குழுவோடு நிறுத்திப் பார்க்காதீர்கள். முடிந்தால் அந்த பேண்டின் முதல் வருட வீடியோவைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள். அதோடு உங்களை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். நிறைய விஷயம் தெரியும், நிறைய பயமும் போகும்.

எண்கள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லவில்லை

ஸ்பாட்டிஃபையில் ஒரு குழுவின் பெயருக்குக் கீழே வரும் 'மாதாந்திர கேட்பாளர்கள்' எண்ணைப் பார்த்துத்தான் பலர் மனம் உடைகிறார்கள். அது, கடந்த 28 நாளில் அந்தக் குழுவின் ஏதோ ஒரு பாட்டைக் கேட்ட தனித்தனி ஆட்களின் எண்ணிக்கை. ஒரு பாட்டு 30 நொடி ஓடினாலே ஒரு ஸ்ட்ரீம் என்று கணக்காகிவிடும். பெரிய பிளேலிஸ்ட் ஒன்றில் ஒரு பாட்டு ஏறினால் அந்த எண் திடீரென்று பல மடங்காகும். பிளேலிஸ்டிலிருந்து இறங்கிய நான்கு வாரத்தில் பழைய இடத்துக்கே வந்துவிடும். அதில் எத்தனை பேர் குழுவின் பெயரைக் கவனித்தார்கள், எத்தனை பேர் நிகழ்ச்சிக்கு வருவார்கள் என்பது அந்த எண்ணில் கிடையாது.

எண்ணே பொருட்டில்லை என்று சொல்ல வரவில்லை. 2024 முதல் அந்தத் தளத்தில் ஒரு பாட்டு முந்தைய 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீமைத் தொட்டால்தான் அதற்குப் பணக்கணக்கே தொடங்கும். ஆக, எண்ணுக்கு விளைவு உண்டு. ஆனால் பார்க்க வேண்டியது உங்கள் எண்ணை. பாட்டைச் சேமித்து வைத்தவர்கள் எத்தனை பேர்? போன நிகழ்ச்சிக்கு வந்தவர்களில் எத்தனை பேர் திரும்ப வந்தார்கள்? பாட்டு முடிந்ததும் பெயரைக் கேட்டு வந்தவர் யாராவது உண்டா? இவை சின்ன எண்கள். நாற்பது பேரில் பத்துப் பேர் திரும்ப வந்தார்கள் என்றால் அது கொண்டாட வேண்டிய செய்தி.

இன்னொரு மயக்கமும் இருக்கிறது. ஸ்காட் ஃபெல்டு என்ற சமூகவியலாளர் 1991-இல் ஒரு வினோதமான கணக்கை விளக்கினார்: சராசரியாகப் பார்த்தால், உங்களுக்கு இருப்பதைவிட உங்கள் நண்பர்களுக்கு அதிக நண்பர்கள் இருப்பார்கள். நிறைய நண்பர்கள் உள்ளவர்தான் நிறைய பேரின் நண்பர் பட்டியலில் இருப்பார் என்பதே காரணம். பேண்டுகளுக்கும் இது அப்படியே பொருந்தும். அடிக்கடி மேடையேறுகிற, அடிக்கடி வெளியிடுகிற குழுக்கள்தான் அடிக்கடி கண்ணில் படும். இந்த மாதம் ஒரு நிகழ்ச்சியும் இல்லாமல் சும்மா ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கும் எத்தனையோ குழுக்கள் உங்கள் திரையில் வரப்போவதில்லை. "எல்லாருக்கும் நிகழ்ச்சி இருக்கிறது, நமக்கு மட்டும் இல்லை" என்று தோன்றுவது இதனால்தான்.

காதால் ஒப்பிடுவது எப்படி

பொறாமையை வேலையாக மாற்றும் இடம் இதுதான், அதனால் இதில் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் விதி, ஒலி அளவைச் சமமாக்குவது. இரண்டு பதிவுகளில் எது சற்றுச் சத்தமாக இருக்கிறதோ அதுவே நன்றாக இருப்பதாக நம் காதுக்குத் தோன்றும். ஒன்றிரண்டு டெசிபல் வித்தியாசமே போதும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் பெல் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ந்து 1933-இல் வெளியிட்டது இது: ஒலி குறைவாக இருக்கும்போது தாழ்ந்த ஸ்வரங்கள் காதுக்கு மிகவும் மங்கிவிடும், ஒலி கூடக்கூட அவை நிறைந்து வரும். உங்கள் டெமோ மாஸ்டரிங் (வெளியிடும் முன் செய்யும் கடைசி ஒலிச் சீரமைப்பு) ஆகாதது, அவர்களுடையது மாஸ்டரிங் முடிந்து வெளியானது. அடுத்தடுத்துப் போட்டால் அவர்களுடைய பேஸ் கனமாகவும் உங்களுடையது மெலிந்தும் கேட்கும். வித்தியாசத்தில் ஒரு பகுதி வெறும் சத்தம்தான். ரெக்கார்டிங் மென்பொருளில் அவர்கள் பாட்டைப் போட்டு, உங்கள் பாட்டின் அளவுக்கு வரும்வரை அதன் ஒலியைக் குறையுங்கள். இலவசமாகக் கிடைக்கும் லவுட்னஸ் மீட்டர் ஒன்றைப் போட்டால் இன்னும் துல்லியமாகச் செய்யலாம். அப்புறம் கேளுங்கள். எஞ்சி நிற்கும் வித்தியாசம்தான் உண்மையானது.

இரண்டாவது, ஒரே இனத்தை ஒப்பிடுவது. உங்கள் ஒத்திகையை யாரோ மூலையில் போனில் எடுத்த வீடியோவை, மிக்ஸரிலிருந்து ஒலி எடுத்து எடிட் செய்த அவர்களுடைய வீடியோவோடு வைக்காதீர்கள். போன் வீடியோவுக்குப் போன் வீடியோ, ஸ்டூடியோ பதிவுக்கு ஸ்டூடியோ பதிவு. வெளியான பாட்டில் பாடகர் பல முறை பாடியதிலிருந்து சிறந்த வரிகளை எடுத்து ஒட்டியிருப்பார்கள். டிரம்ஸ் தாளத்தில் நேராக்கப்பட்டிருக்கலாம், சுருதி திருத்தப்பட்டிருக்கலாம். அதில் தப்பு எதுவும் இல்லை, எல்லாரும் செய்வதுதான். ஆனால் ஒரே மூச்சில் வாசித்த உங்கள் ஒத்திகைக்கு அது இணை ஆகாது.

மூன்றாவதாக, ஒரு பாட்டின் அரை நிமிடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பல்லவி முடிந்து அடுத்த பகுதி தொடங்கும் இடம் நல்லது. நாலைந்து முறை போட்டு, ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு விஷயத்தைக் கேளுங்கள். கிக் டிரம்மும் பேஸும் எங்கே சேர்கின்றன? கிட்டார் எப்போது வாசிக்கவில்லை? பாடகர் எங்கே மூச்சு விடுகிறார்? கீபோர்டு எந்த ஸ்தாயியில் இருக்கிறது, குரலோடு மோதுகிறதா, விலகி நிற்கிறதா? பெரும்பாலும் வாசிக்காமல் விட்ட இடங்களில்தான் ரகசியம் இருக்கும். புதிய குழுக்களில் எல்லாரும் எல்லா நேரமும் வாசிப்பார்கள். அனுபவமுள்ள குழுவில் யாராவது ஒருவர் எப்போதும் சும்மா நின்றுகொண்டிருப்பார்.

"அவங்க ரொம்ப டைட்டா வாசிக்கிறாங்க" என்பது அடிக்கடி வரும் ஏக்கம். இதை வேகத்தோடும் திறமையோடும் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறோம். கூர்ந்து கேட்டால் டைட்டாகக் கேட்பதற்குப் பெரிய காரணம் ஸ்வரங்கள் முடியும் இடம். தொடங்குவதை எல்லாரும் கவனிக்கிறார்கள், நிறுத்துவதை யாரும் கவனிப்பதில்லை. அடுத்த ஒத்திகையில் ஒரு பாட்டை எடுத்து, ஒவ்வொரு கார்டும் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) எந்த அடியில் அடங்க வேண்டும் என்று பேசி முடிவு செய்து வாசித்துப் பாருங்கள். ஒரே நாளில் வித்தியாசம் தெரியும்.

அதோடு இவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். டிரம்ஸும் பேஸும் மட்டும் முழுப் பாட்டை வாசிப்பது. தாள அடி காட்டும் மெட்ரோனோமை ஒரு ஆவர்த்தம் ஒலிக்கவிட்டு அடுத்த ஆவர்த்தம் மௌனமாக்கி, திரும்ப ஒலிக்கும்போது எங்கே நிற்கிறோம் என்று பார்ப்பது. முழுப் பாட்டையும் பாதிச் சத்தத்தில் வாசிப்பது. பாதிச் சத்தத்தில் தாளம் தளர்ந்தால், இதுவரை சத்தம்தான் உங்களைத் தாங்கிப் பிடித்திருக்கிறது என்று பொருள். நிற்கும் இடத்தையும் கவனியுங்கள். காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும். டிரம்ஸிலிருந்து 7 மீட்டர் தள்ளி நின்றால் அடி உங்கள் காதுக்கு வர 20 மில்லிநொடி ஆகும். பெரிய மேடையில் மானிட்டர் (வாசிப்பவர்கள் பக்கம் திருப்பி வைத்த ஸ்பீக்கர்) வழியாக இதைச் சமாளிக்கலாம். ஒத்திகை அறையில் நெருங்கி நின்றாலே போதும்.

குழுவுக்குள் எப்படிப் பேசுவது

"அவங்க டிரம்மர் எப்படி வாசிச்சான் பார்த்தியா?" சொன்னவருக்கு இது வெறும் வியப்பு. கேட்ட டிரம்மருக்கு இது தன் மீதான தீர்ப்பு. அவர் எதுவும் சொல்லமாட்டார். அடுத்த மூன்று ஒத்திகைக்குத் தேவைக்கு மேல் வாசிப்பார், இல்லையென்றால் வர நேரமாகும்.

ஆகவே ஒரு வழக்கத்தை இப்போதே ஏற்படுத்திக்கொள்ளுங்கள். ஒப்பீடு ஆளைப் பற்றி இருக்கக் கூடாது, பாட்டின் ஒரு இடத்தைப் பற்றி இருக்க வேண்டும். "நம்ம ரெண்டாவது சரணத்துல எல்லாரும் ஒரே நேரத்துல வாசிக்கிறோம், பாட்டுக்கு மூச்சு விட இடமே இல்லை. அவங்க அந்த இடத்துல கிட்டாரை நிறுத்தியிருக்காங்க, நாமளும் பண்ணிப் பார்ப்போமா?" இப்படிச் சொன்னால் யாருக்கும் காயம் இல்லை, எல்லாருக்கும் வேலை இருக்கிறது. முடிந்தவரை தன் வாத்தியத்தைப் பற்றித் தானே சொல்வது இன்னும் நல்லது. கிட்டார் வாசிப்பவர் கிட்டாரைப் பற்றிப் பேசட்டும்.

நேரமும் முக்கியம். நிகழ்ச்சி முடிந்த சூட்டில், திரும்பி வரும் வண்டியில், இந்தப் பேச்சு வேண்டாம். களைப்பில் நாலு பேரும் நாலு விதமாகக் கேட்டிருப்பார்கள். ஒரு நாள் தள்ளி, பதிவைப் போட்டுக் கேட்டுக்கொண்டே பேசுங்கள். காதில் ஒலிப்பது எதிரில் இருந்தால் வாதம் சுருங்கிவிடும்.

இதற்கெல்லாம் அடியில் பேசப்படாத ஒரு கேள்வி பெரும்பாலும் கிடக்கும்: நாம் இந்த பேண்டை எதற்காக வைத்திருக்கிறோம்? ஒருவருக்கு இது முழுநேர வாழ்க்கையாக வேண்டும். இன்னொருவருக்கு வாரத்தில் ஒரு நாள் நண்பர்களோடு வாசித்தால் போதும். மூன்றாமவருக்குத் தான் எழுதிய பாட்டு நல்ல தரத்தில் பதிவாக வேண்டும், மேடை இரண்டாம் பட்சம். மூவரும் ஒரே பேண்டைப் பார்த்து வெவ்வேறு விஷயத்துக்காக ஏங்குவார்கள். அடுத்த ஒத்திகைக்கு முன் ஒவ்வொருவரும் தனியாக ஒரு தாளில் எழுதுங்கள்: இன்னும் ஒரு வருடத்தில் எது நடந்தால் எனக்குத் திருப்தி? யார் எழுதியதையும் பார்க்காமல் எழுத வேண்டும். பிறகு சேர்ந்து படியுங்கள். சில சமயம் இது சங்கடமான மாலையாக அமையும். அந்தச் சங்கடம் இப்போது வருவது, ஆல்பத்துக்குப் பணம் போட்ட பிறகு வருவதைவிட எவ்வளவோ மேல்.

சொந்தமாக ஓர் அளவுகோல் இல்லாவிட்டால் எவ்வளவு கிடைத்தாலும் மனம் ஆறாது. டேவ் மஸ்டைன் 1983 ஏப்ரலில் மெட்டாலிகா குழுவிலிருந்து நீக்கப்பட்டார். அந்தக் குழுவின் முதல் ஆல்பம்கூட அப்போது வரவில்லை. அவர் தொடங்கிய மெகாடெத், உலகமெங்கும் கோடிக்கணக்கில் ஆல்பங்கள் விற்ற குழுவானது. கிட்டாரிஸ்டுகள் பாடமாகப் படிக்கும் பாட்டுகளை அது தந்தது. இருந்தும் 2004-இல் வெளியான ஒரு ஆவணப்படத்தில், மெட்டாலிகாவின் டிரம்மர் எதிரில் அமர்ந்து, தான் எப்போதும் இரண்டாமிடத்தில் இருப்பதாக உணர்ந்த வலியை மஸ்டைன் சொல்கிறார். அவர் அதை வெளிப்படையாகச் சொன்னதை நான் மிகவும் மதிக்கிறேன். பார்க்கும்போது மனம் கனக்கத்தான் செய்கிறது.

அருமையாக வாசித்த குழுவுக்குப் பிறகு மேடையேறும்போது

உங்களுக்கு முன் வாசித்த குழு அரங்கத்தையே எழுப்பிவிட்டது, அடுத்து நீங்கள். பதற்றத்தில் எல்லாரும் செய்யும் வேலை, பாட்டு வரிசையை மாற்றுவது. செய்யாதீர்கள். அவர்கள் வேகமான பாட்டில் முடித்தார்கள் என்பதற்காக அதைவிட வேகமாகத் தொடங்கினால், பயத்தோடு சேர்ந்து டெம்போ இன்னும் ஏறும். தூக்கத்தில் எழுப்பினாலும் வாசிக்க முடிகிற பாட்டு எதுவோ அதில் தொடங்குங்கள். நடுத்தர வேகமாக இருந்தாலும் பரவாயில்லை. கூட்டத்தின் காதுக்கும் ஒரு மாற்றம் தேவைப்படும்.

அவர்கள் வாசிக்கும்போது ஒன்றிரண்டு பாட்டு ரசித்துக் கேளுங்கள், பிறகு சுருதி சேர்க்கப் போய்விடுங்கள். மேடையை விட்டு இறங்குபவர்களிடம் குறிப்பாக ஒன்றைப் பாராட்டுங்கள். "நல்லா இருந்தது" என்பதைவிட "மூணாவது பாட்டு முடிச்ச விதம் எனக்கு ரொம்பப் பிடிச்சது" என்று சொல்லலாம். மனதில் இருக்கும் இறுக்கம் அதில் பாதி கரைந்துவிடும்.

அவர்களிடமே கேளுங்கள்

தூரத்தில் இருந்து பார்க்கும்வரைதான் இன்னொரு பேண்ட் பூதமாகத் தெரியும். போய்ப் பேசுங்கள். "எப்படி இவ்வளவு பெரிய ஆளானீங்க?" என்று கேட்டால் பதில் வராது. வாரத்துக்கு எத்தனை முறை ஒத்திகை பார்க்கிறீர்கள், இந்தப் பாட்டை யார் மிக்ஸ் செய்தது, முதல் நிகழ்ச்சி எப்படிக் கிடைத்தது என்று கேளுங்கள். இசைக்காரர்கள் இப்படிப்பட்ட கேள்விகளுக்கு மகிழ்ச்சியாகப் பதில் சொல்வார்கள். அவர்கள் யாரைப் பார்த்து ஏங்குகிறார்கள் என்பதும் அந்தப் பேச்சிலேயே வெளியே வந்துவிடும்.

1963-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு அடுத்து வெளியிட ஒரு பாட்டு இல்லாமல் தடுமாறியபோது, பீட்டில்ஸின் ஜான் லெனனும் மெக்கார்ட்னியும் தங்கள் பாட்டு ஒன்றைக் கொடுத்தார்கள். அது பிரிட்டன் பட்டியலில் 12-ஆவது இடம்வரை போனது. பத்திரிகைகள் இரண்டு குழுக்களையும் எதிரிகளாகக் காட்டிக்கொண்டிருந்த வருடங்களிலும் அவர்கள் நண்பர்களாகவே இருந்தார்கள். உங்கள் அளவில் இது சின்னதாகத் தொடங்கலாம். ஆம்ப் இரவல் கொடுங்கள். அவர்கள் நிகழ்ச்சிக்கு டிக்கெட் வாங்கிப் போய் நில்லுங்கள். இரண்டு குழுவும் சேர்ந்து ஒரு மாலையை நடத்துங்கள்.

உங்கள் பழைய பதிவை எடுங்கள்

ஒவ்வொரு ஒத்திகையிலும் ஒரே பாட்டை, போனை ஒரே இடத்தில் வைத்துப் பதிவு செய்யுங்கள். தேதியோடு சேமியுங்கள். தினமும் கேட்க வேண்டாம். மூன்று மாதம் கழித்து முதல் பதிவையும் கடைசிப் பதிவையும் சேர்ந்து உட்கார்ந்து கேளுங்கள், மேலே சொன்ன அதே விதிகளோடு. முன்னேற்றம் இருந்தால் அது உங்கள் காதிலேயே விழும், யாரும் சொல்ல வேண்டியதில்லை. இல்லையென்றால் அதுவும் தெரியும், அப்போது ஒத்திகையை நடத்தும் முறையை மாற்றுங்கள்.

இத்தனை செய்தும் வாத்தியத்தைத் தொடவே மனம் வரவில்லை, தூக்கம் கெடுகிறது, மற்ற குழுவின் பெயரைக் கேட்டாலே உடம்பு இறுகுகிறது என்றால், சில வாரம் போனில் அந்தக் கணக்குகளை மௌனமாக்குங்கள். பிடித்த பாட்டை யாருக்கும் காட்டாமல் தனியாக வாசியுங்கள். நெருங்கியவரிடம் பேசுங்கள். அது நீடித்தால் மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ பார்ப்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

மற்றவர்கள் ஒப்பிடும்போது

"நீங்க அந்த பேண்ட் மாதிரியே இருக்கீங்க" என்று ரசிகர் ஒருவர் சொன்னால், பெரும்பாலும் அவர் பாராட்டுகிறார். நன்றி சொல்லிவிட்டு, எந்தப் பாட்டில் அப்படித் தோன்றியது என்று கேளுங்கள். ஒரே பதிலை மூன்று பேர் சொன்னால் அந்தப் பாட்டைத் திரும்பக் கேட்டுப் பாருங்கள். யாருடைய ரிஃபோ (திரும்பத் திரும்ப வரும் சின்ன இசைத்துண்டு) உங்களுக்குத் தெரியாமலே உள்ளே வந்திருக்கலாம்.

நிகழ்ச்சி ஏற்பாடு செய்பவர்களுக்கு எழுதும்போது ஒப்பீட்டை நீங்களே பயன்படுத்த வேண்டியிருக்கும். உங்கள் பாட்டைக் கேட்காத ஒருவருக்கு அது எப்படி இருக்கும் என்று சொல்ல வேறு சுருக்கமான வழி இல்லை. இரண்டு குழுக்களின் பெயரைக் குறிப்பிடுங்கள். ஒன்று எல்லாருக்கும் தெரிந்ததாக, ஒலியின் திசையைக் காட்டுவதாக இருக்கட்டும். இன்னொன்று உங்கள் அளவில் இருக்கும் குழுவாக, அதே மேடைகளில் வாசிப்பதாக இருக்கட்டும். எத்தனை பேர் வரும் இடத்தில் உங்களை வைக்கலாம் என்று அவருக்கு இந்த இரண்டாவது பெயர்தான் சொல்லும். அதன் கீழே உங்கள் பாட்டில் மட்டும் இருக்கும் ஒரு விஷயத்தை ஒரே வரியில் எழுதுங்கள். அந்த வரியை நாலு பேரும் சேர்ந்து எழுதுங்கள். ஒத்துப்போகும்வரை கடிதத்தை அனுப்ப வேண்டாம்.